இறக்கையின் பரப்பும் அத்தையின் எடையும்

நாச்சாரத்தில் வாடகைக்கு எடுத்த ஷெட்டில், இன்னும் இறக்கை பூட்டாத விமானத்தின் பின் சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை, அதாவது என் மாமியார், உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. "எப்படிம்மா இருக்கேன்?" என்று என்னைக் கேட்டார். முதல் சவாரி அத்தைக்குத்தான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். ஹப்சிகுடாவில் எங்கள் தெருவில் அது தெரியாத வீடு கிடையாது.

மாமனார் விமானத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தாள். எதையும் தாள் தாளாகத்தான் கூட்டுவார்கள். சொந்தமாக விமானம் கட்டும்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. எவ்வளவு எடையோடு பத்திரமாகத் தரையிறங்கலாம் என்பது இறக்கையின் பரப்பைப் பொறுத்தது. மாதாப்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் பிழைப்பு நடத்தும் மருமகள் என்பதால், அந்தக் கணக்கை ஏற்றித் தரும்படி என்னிடம் சொன்னார். நான் சும்மா நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பார்த்தேன். மாமாவின் பரப்பு கூடுதலாக இருந்தது. இறக்கையின் பின்னோரத்தில் கீல் வைத்து அசையும் பலகைகளுக்குத் தனித் தாள் இருந்ததால், அவற்றைத் தனியாகவும் கூட்டியிருந்தார். இறக்கையின் தாளிலேயே அவை ஏற்கெனவே அடங்கியிருந்தன.

உண்மையான பரப்பு இரண்டு பேர் எடையைத் தாங்காது என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. இறக்கைகளுக்குத் துணி போர்த்தி முடித்தாயிற்று. மறுபடி செய்ய அவருக்குத் தெம்பில்லை. மறுநாள் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, "வெயிட் ஜாஸ்தியாயிடுச்சு, ஒருத்தர்தான் போகமுடியும்" என்று அத்தையிடம் சொன்னார். கணக்கு தப்பியதை மட்டும் விழுங்கிவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மாமனாரின் மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு நானும் குனிந்துகொண்டேன்.

அன்று சமையலறையில் அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, நான் எத்தனை கிலோ குறைச்சா அந்த சீட்டைத் திரும்ப மாட்டுவார்?"

குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினேன். கணக்கு தப்பியதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இத்தனைக்கும் என் கணக்கு சரி. சரியாகப் போட்ட ஒரு கணக்குக்காக இவ்வளவு வெட்கப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுதளத்தில் விமானம் இப்போது பறக்கிறது, மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு. வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் அத்தையே முந்திக்கொண்டு, "நான் கொஞ்சம் குண்டு, அதான் என்னை ஏத்தலை" என்று சிரிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அவருக்கு ஒரு வடையை வைக்கப்போனேன். "நக்கோ நக்கோ, இன்னும் கொஞ்சம் குறையட்டும்" என்று தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

மாமா எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.