உத்தியோகஸ்தர் வந்தாச்சு

ஸ்கூட்டரைச் சரிசெய்த மெக்கானிக் மண்ணெண்ணெயில் கை கழுவினார். அந்த வாசனையில் ஸ்ரீரங்கத்து வீடும், கோமளா சித்தியைப் பெண் பார்க்க வந்த நாளும் திரும்பி வந்துவிட்டன.

அன்று எங்கள் தெருவில் பிழைப்புக்கு ஆளுக்கொரு பெயர். கோயிலுக்குப் பூத்தொடுத்தால் கைங்கர்யம். ஒர்க் ஷாப் சங்கு கேட்டு ஓடினால் டூட்டி. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதினால் உத்தியோகம். கை அழுக்கானால் வெறும் வேலை. பெண் கொடுப்பது மட்டும் உத்தியோகத்துக்குத்தான்.

தரகரும் 'ரயில்வே உத்தியோகம்' என்றே சொல்லியிருந்தார்.

"என்ன உத்தியோகம் பாக்கறீங்க?" என்றார் தாத்தா.

மாப்பிள்ளை கைகளை விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"உத்தியோகமெல்லாம் இல்லீங்க. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்புல எஞ்சின் ரிப்பேர் வேலை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் இவ்வளவுதாங்க போகுது."

தாத்தா முகம் சுண்டிப்போனது. தரகர் காபி டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உள்ளேயிருந்து சித்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இவரே போதும்ப்பா!"

கல்யாணமாகிப் பொன்மலைக்குப் போன சித்தி, சாயங்காலச் சங்கு ஊதியதும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நிற்பாள். சித்தப்பா தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்கே கேட்கும் அவள் குரல்: "உத்தியோகஸ்தர் வந்தாச்சு!"

"வண்டி ரெடிங்க" என்றார் மெக்கானிக்.

"ரொம்ப சந்தோஷம், உத்தியோகஸ்தரே" என்றேன்.