கற்பூர சத்தியம்

அந்தக் காலத்துச் சேலம் முனிசிபாலிட்டி தேர்தலில் வீட்டு வரி கட்டியவனுக்குத்தான் ஓட்டு. எங்கள் நெசவாளர் தெருவில் பாதிப் பேருக்குக் கிடைத்தது, எனக்கும் இருந்தது. எங்கள் வார்டில் நின்ற ஜவுளி வியாபாரியைத் தெருவில் ஒருவருக்கும் பிடிக்காது. ஆனால் ஓட்டுப் போடுவதற்கு முதல் நாள் அந்த ஆள் எங்களை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டு, எரியும் கற்பூரத்தைக் கையால் அணைக்கச் சொல்லி, தனக்கே ஓட்டு என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"தண்ணிக் குழாய் மொதல்ல உங்க தெருவுக்குத்தானுங்க" என்றார்.

சத்தியம் தவறினால் அம்மன் கண்ணைக் குத்திவிடுவாள் என்று பயந்து எல்லோரும் அவருக்கே போட்டோம். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைவீதிக்காரர்களிடமும் சத்தியம் கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டு எதிராளிக்குப் போட்டார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் வேறு வேறு ஓட்டுச் சாவடி. தனித்தனியாக எண்ணியதில் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது ஊருக்கே தெரிந்துபோனது. எங்கள் ஓட்டில்தான் அவர் ஜெயித்தார்.

குழாய் கடைவீதிக்குப் போனது. வயிறு எரிந்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க, இது நியாயமுங்களா?"

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "அடுத்த தடவை அவங்க ஓட்டும் வேணுமில்லப்பா? உங்க தெருவுக்கு ஒரு கட்டி கற்பூரம் போதுமே!"