தானாகப் பறந்த விமானம்

நான் பேசாமல் இருந்தது போதும்.

எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவி என் ஜூனியருக்குப் போன நாளிலிருந்து பள்ளியில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை.

இன்று மாலை தருமபுரி பஸ் ஸ்டாண்ட் எதிரே புதிதாகத் திறந்த வீடியோ கேம் கடையில் ஒரு மெஷின் முன் நின்றேன்.

கறுப்புத் திரையில் சிறு விமானம் மிதந்தது. விமானத்தை ஓட்டும் குச்சியைப் பிடித்தேன். நினைத்த பக்கமெல்லாம் போனது. நட்சத்திரங்கள் ஒதுங்கி வழிவிட்டன.

"சார், டோக்கனே போடலீங்களே! அது தானா ஆடிக் காட்டுதுங்க," என்று சிரித்தார் கடைக்காரர்.

கையை எடுத்தேன். விமானம் அதன்பாட்டுக்குப் போனது.

"இருக்கட்டுங்க, இன்னுங் கொஞ்சம் புடிச்சிக்கறேன்," என்றேன்.

இதை எழுதி எங்கள் ஊர்ப் படிப்பகத்து அறிவிப்புப் பலகையில் பெயர் போடாமல் ஒட்டுகிறேன். என்னைப் போல் டோக்கன் போடாமல் ஆடியவர்கள் கீழே எழுதுங்கள். நீங்களும் பெயர் போட வேண்டாம்.