கீசர் பைப் வெடித்த வீடு

கீசரின் பைப் வெடித்த அன்றுதான் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக அத்தனை பேர் வந்தார்கள்.

எனக்கு ஒன்பது வயது. அப்பா மஸ்கட்டில் இருந்தார். ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்த அம்மா வீடு திரும்ப ஏழு மணியாகும். செம்பூரில் மூன்றாவது மாடி வீடு. பள்ளி விட்டு வந்து, நானே பூட்டைத் திறந்து, உள்ளே தாழ்போட்டுக்கொள்வேன். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. யாரும் தட்டியதில்லை.

அன்று குளியலறையில் பட்டென்று ஒரு சத்தம். தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது. தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் கண்டு கீழ்வீட்டு மராட்டி ஆண்ட்டி ஓடிவந்து தட்டினாள். நான் உத்தரவை மீறினேன். அவள் கீசர் சுவிட்சை அணைத்து, குழாயை மூடினாள். பின்னாலேயே நான்கைந்து பெண்கள் வாளியும் துணியுமாக வந்தார்கள். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கையில் ஒரு தட்டு அவல் போஹாவைக் கொடுத்து, என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார்கள்.

அம்மாவும் வந்துசேர்ந்த பிறகு, தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கார பிளம்பர் அண்ணன் வந்தார்.

"வாஷ்பேசினுக்குப் போடுற பிளாஸ்டிக் பைப்பை கீசர்ல மாட்டிருக்காவ. சூட்டுக்கு வெறைச்சு வெடிச்சிட்டு" என்றார். வெந்நீர் தாங்கும் ரப்பர் குழாய்க்கு மேல் ஸ்டீல் கம்பி பின்னியது, பித்தளை நட்டு உள்ளது, மடங்காமல் எட்டும் நீளமுள்ளது எது என்று பார்த்துத் தானே வாங்கிவந்தார். வாஷர் போட்டு முடுக்கினார். பிறகு எல்லோரும் போய்விட்டார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

மறுநாள் ஸ்டூலில் ஏறி, அப்பாவின் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, நட்டை அரைச்சுற்று தளர்த்தினேன். தண்ணீர் கசிந்ததும் கீழே போய் ஆண்ட்டியை அழைத்துவந்தேன். அவள் குழாயை மூடிவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உடனே இறங்கிப்போனாள். வேறு யாரும் வரவில்லை.

அம்மா வந்த பிறகு பிளம்பர் அண்ணன் நட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது தானா கழலாதுக்கா. யாரோ திருகிருக்காவ."

அம்மா என்னைப் பார்த்தாள். என் உள்ளங்கையில் ஸ்பேனரின் கறுப்பு கிரீஸ் அப்படியே இருந்தது. நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

"நான்தான் காலைல திருகிப் பார்த்தேன்" என்றாள் அம்மா.

தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து தினமும் நான்கு மணிக்கு ஆபீஸிலிருந்து அம்மா போன் செய்யத் தொடங்கினாள். பைப் ஒழுகுகிறதா என்று முதலில் கேட்பாள். இல்லை என்பேன். பிறகும் வைக்கமாட்டாள். என்ன சாப்பிட்டாய், வகுப்பில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், டீச்சர் என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அவ்வளவு நல்ல பைப் மாட்டியும் அம்மாவுக்கு ஏன் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை.