பெரியப்பாவின் கிளாரினெட்டும் லா ஷப்பெல் ரோஜாப்பூக்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. கோபுரம், ஆற்றுப் படகு என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு வலைப்பூவுக்குப் போகலாம். போன சனிக்கிழமை நான் லியோனிலிருந்து பாரிஸ் போனது ஒரு பழைய ஜப்பான் தொலைக்காட்சி நிகழ்ச்சியை வாங்கி வர.

அந்தக் காலத்து இசைக் கதம்ப நிகழ்ச்சிகள் என்றால் எனக்கு உயிர். அமெரிக்காவில் தொகுப்பாளர் படிக்கட்டில் இறங்கி வருவார், பின்னால் கோட்டுப் போட்ட முழு வாத்தியக் குழு, இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு கோமாளிக் கூத்து. ஜப்பானில் அதையே இன்னும் கொஞ்சம் ஜிகினா சேர்த்துச் செய்தார்கள். இன்றைய பாட்டுப் போட்டிகளில் வந்தவரை அழவைத்துக் காசு பார்ப்பதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவர் பெரியப்பா. புதுச்சேரிக்காரர், பயணக் கப்பலில் கிளாரினெட் வாசித்தவர். கப்பல் யோகோஹாமாவில் நின்றபோது, டோக்கியோவில் அப்படியொரு நிகழ்ச்சியில் அவரைத் தனியாக வாசிக்க விட்டார்கள். அவர் வாசிப்பு பதிவானது, அப்போது அவர் வாங்கி வந்த அந்த நிகழ்ச்சியின் ஒரே ஒரு வீடியோ கசெட்டில்தான். இப்போது அவர் இல்லை. பாரிஸ் புறநகரான ஸ்தேனில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கண் தெரியாது. "மூஞ்சி வேணாம்மா, அவரு ஊதுறத ஒரு வாட்டி கேட்டாப் போதும்" என்றார்.

ஜப்பான் கசெட் பிரான்ஸ் டெக்கில் ஓடாது. பாரிஸில் ஈழத் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பெல்லில் ஓடும். கனடாச் சொந்தங்கள் அனுப்பிய கல்யாணக் கசெட்டுகளும் அதே வகை என்பதால், அதற்கான டெக்கை அங்கே சில வீடியோக்காரர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். போன மாதம் அப்படியொரு கடையில் கொடுத்து, "சத்தம் நல்லா இருக்கணும், அதுதான் முக்கியம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

லியோனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். கார் து லியோன் நிலையத்தில் இறங்கி, இரண்டரை யூரோ டிக்கெட்டில் ஆர்.இ.ஆர். D புறநகர் ரயிலைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் கார் து நோர். அங்கிருந்து ரூ பெர்தொனே என்ற தெரு பத்து நிமிட நடை. கடை அந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான்.

கடைக்காரர் சிரித்த முகத்தோடு கணினியில் போட்டுக் காட்டினார். வெள்ளைக் கோட்டில் பெரியப்பா, கன்னம் உப்ப ஊதுகிறார். கேட்டதோ ஒரு சினிமாக் காதல் பாட்டு. திரை ஓரத்தில் ரோஜாப்பூக்கள் வேறு உதிர்ந்துகொண்டிருந்தன.

"அண்ணா, கிளாரினெட் எங்கே?"

"அது ஒரே இரைச்சல் அக்கா. எடுத்துப்போட்டு நல்ல பாட்டொண்டு விட்டிருக்கிறன். கலியாண வீடியோவுக்கும் இப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

"அந்தச் சத்தத்துக்காகத்தானே கொடுத்தேன்!"

"நீங்கள்தானே சத்தம் நல்லா இருக்கோணும் எண்டு சொன்னியள்?"

"கசெட்டைக் கொடுங்க."

"அது பூஞ்சணம் பிடிச்சு டெக்குக்குள்ளை அறுந்துபோச்சு. எறிஞ்சுபோட்டன்."

தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் உண்மையிலேயே பயந்துபோய், காசு வேண்டாம், தேத்தண்ணி குடியுங்கோ என்றார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மணவறையில் நாதஸ்வரம் வாசிப்பவரின் சத்தத்தையும் இப்படித்தானே அழித்து அழித்துப் பழகியிருக்கிறோம்? ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இங்கே கசெட் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வேலை சுத்தம், விலையும் நியாயம். ஆனால் "எதையும் எடுக்காதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள்.

அவர் பதிந்து வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு, மறுபடி ஆர்.இ.ஆர். D பிடித்து ஸ்தேனுக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். "இருக்கறதப் போடு" என்றார் பெரியம்மா. காதல் பாட்டு பெரியப்பா வரும் காட்சியைவிடக் கொஞ்சம் சின்னது. அது முடிந்த இடத்தில் பழைய சத்தம் அழிபடாமல் மிஞ்சியிருந்தது. அதற்குள் வாசிப்பு முடிந்துவிட்டது, கிளாரினெட் இல்லை. அரங்கம் முழுக்கக் கைதட்டல்.

பெரியம்மா அதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "எதுக்குத் தட்டுனாங்கன்னு தெரிஞ்சவ இனிமே நான் ஒருத்திதான்" என்றார்.