மேல்வரிசைச் சொம்பு

அழகம்மாளுக்கு யார்மீதும் பொறாமை கிடையாது, தமிழ்ச்செல்வி ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்திமீது மட்டும் ஒரு ஊருக்கே போதுமான அளவு வைத்திருந்தாள். தமிழ் செத்து ஒன்றரை வருஷம் ஆகியும் அது குறையவில்லை. செத்தவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். கேட்பதற்கு முன்னால் கதையைக் கேளுங்கள்.

இருவரும் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். தமிழுக்கு மதுரையில் மாப்பிள்ளை அமைந்தது. கப்பலூரில் லேத் பட்டறை, அவனியாபுரத்தில் மாடி வீடு. அழகம்மாளுக்கு உள்ளூரிலேயே ஜெயபாண்டி. தமிழின் கல்யாணத்துக்கு இவள் ஒரு எவர்சில்வர் சொம்பு வாங்கினாள். கொடுப்பவர் பெயரைப் பாத்திரத்தில் வெட்டித் தருவது நம் பக்கத்து வழக்கம்தானே. எல்லோரும் அடியோரமாகச் சின்னதாக வெட்டச் சொல்வார்கள். இவள், "வயித்துப் பக்கம் பெருசா வெட்டுங்கண்ணே" என்றாள். மாடி வீட்டுக்காரி தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தன் பெயர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

ஜெயபாண்டி கைநீட்டுகிறவன். ஒன்பது வருஷம் அடி வாங்கினாள். முன்பல் ஒன்று போன அன்று மகளைக் கூட்டிக்கொண்டு, கட்டிய சேலையோடு மதுரைக்கு பஸ் ஏறினாள். விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டும் மிஷினைப் பழகிக்கொண்டாள். அவனியாபுரத்தில் ஒற்றை அறை. கேட்டவர்களிடமெல்லாம், "அவரு ஊர்ல தோட்டத்தப் பாத்துக்கிறாரு, நான் பிள்ளை படிப்புக்காக வந்துட்டேன்" என்றாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஆனாலும் அவள் அந்தப் பேச்சை மாற்றவே இல்லை. தமிழிடம் கண்டிப்பாக மாற்றவில்லை.

ஒரு நாள் தமிழ் கடைக்கே வந்தாள். உதடு வீங்கியிருந்தது, கையில் கட்டைப்பை. "அழகு, நாலு நாளைக்கு ஒன் வீட்டுல இருந்துக்கிறவா?"

அந்த வீக்கம் என்னவென்று அழகம்மாளுக்குத் தெரியாதா? பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் கண் போனதென்னவோ கழுத்தில் கிடந்த நாலு பவுன் சங்கிலிக்கு. "மாடி வீட்டுக்காரிக்கு என் ஒத்த ரூம்ல எங்குட்டுடி படுக்கை போட? ரெண்டு நாள்ல சரியாப் போகும், போ" என்று சொல்லிவிட்டாள். தமிழ் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். மூன்றாம் மாதம் செத்துப்போனாள். மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்றான் புருஷன். இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

இந்த வருஷம் அவனியாபுரத்து மகளிர் சங்கம், ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு நினைவுச் சுவர் எழுப்பியது. சங்கத்தை நடத்தும் சரண்யாதேவியின் யோசனை அது. சிலை வேண்டாம், ஒவ்வொருத்தியின் வீட்டுப் பாத்திரத்திலும் அவள் பெயரையே வெட்டிச் சுவரில் பதிப்போம் என்றாள். மேல்வரிசை, வீட்டுக்குள்ளேயே அடிபட்டுச் செத்தவர்களுக்கு. கீழ்வரிசை, பிழைத்து வெளியே வந்தவர்களுக்கு. பேர் வெட்டும் வேலை அழகம்மாளிடம் வந்தது.

பட்டியலில் முதல் பெயர் தமிழ்ச்செல்வி. பார்த்ததும் இவளுக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு, கல்யாணத்தில் மாடி வீடு, இங்கேயும் முதல் இடமா? செத்தவள் ஊருக்குத் தங்கமான பிள்ளை. பல்லைக் கொடுத்து உயிரோடு வந்தவளோ ஊர் வாயில் புருஷனை விட்டு ஓடி வந்தவள். கீழ்வரிசைப் பட்டியலிலும் தன் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? இவள்தான் யாரிடமும் வாயே திறக்கவில்லையே. அது நன்றாகத் தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

பாத்திரம் கொடுக்கும் நாளன்று அழகம்மாளும் சங்கத்தில் இருந்தாள். தமிழின் அம்மா ரெங்கம்மாள் வந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து வைத்தாள். சொம்பின் வயிறு முழுக்க 'அழகம்மாள்'. தமிழின் பெயரை வெட்ட ஒரு விரல் இடம்கூட இல்லை.

சரண்யாதேவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத இப்படியே வச்சா, செத்தது அழகம்மாள்னுல்ல நெனப்பாக. வேற பாத்திரம் இல்லையாம்மா?"

"அந்த வீட்டுலருந்து வந்தது இது ஒண்ணுதான் தாயி."

மேல்வரிசையில், முதல் இடத்தில், தன் பெயர். உள்ளதைச் சொல்ல வேண்டுமே, ஒரு கணம் அழகம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணம், அந்த இடம் யாருக்கு என்பது நினைவுக்கு வந்து, சொம்பிலிருந்த தன் பெயரைக் கையால் மறைத்தாள்.

ரெங்கம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒம்மேல அவளுக்கு அம்புட்டுப் பொறாமை அழகு. 'பல்லு போனாலும் அவ பஸ் ஏறிட்டாம்மா, எனக்கு அந்தத் தைரியம் வரலையே. இந்தச் சொம்புல அவ பேரப் பாக்கும்போதெல்லாம் வயிறெரியுது'ன்னு சொல்லுவா."

தோட்டக் கதையைத் தமிழ் ஒரு நாளும் நம்பவில்லை. தெரிந்துதான் பையோடு வந்திருக்கிறாள்.

"பெரியம்மா, அவ எங்கிட்ட வந்தா. நான் போகச் சொல்லிட்டேன்."

ரெங்கம்மாள் மஞ்சள் பையை நாலாக மடித்தாள். பிறகு, "அதுக்கு முன்னாடி எங்கிட்டயும்தான் வந்தா" என்றாள். "நானும் போகத்தான் சொன்னேன்."

அழகம்மாள் சொம்பைக் கடைக்குக் கொண்டுபோனாள். பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தன் பெயரைத் தேய்த்தாள். ஆழமாக வெட்டிய எழுத்து, லேசில் போகவில்லை. அரை மணி நேரம் தேய்த்து, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி தேய்த்தாள். சுத்தமானதும் அதே இடத்தில், அதே அளவில், 'தமிழ்ச்செல்வி' என்று வெட்டினாள். பிறகு தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து மிஷினுக்கடியில் வைத்தாள்.

சாயந்தரம் இரண்டையும் சரண்யாதேவியிடம் கொடுத்தாள். "டப்பா கல்யாணச் சீரா வந்தது இல்ல. மொத மாசச் சம்பளத்துல நானே வாங்குனது. பரவாயில்லையா?"

சரண்யாதேவி டப்பாவில் இருந்த பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, நீங்களுமா?"

"ஒம்பது வருஷம்" என்று அழகம்மாள் வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டினாள். "கீழ்வரிசைல தமிழுக்கு நேர் கீழ வையி. அவ மேல இருந்து என்னையப் பாத்து நல்லா வயிறெரியட்டும்."