கூட வைக்கும் கொட்டேஷன்

எங்கள் வலயக் கல்விக் கந்தோரில் ஒரு சிறிய பொருள் வாங்குவதாக இருந்தாலும் மூன்று கடைகளின் விலைமனு வேண்டும். கந்தோரில் யாரும் அதை விலைமனு என்று சொல்வதில்லை, கொட்டேஷன்தான். மூன்றும் ஒட்டிய உறையில் பெட்டிக்குள் விழ வேண்டும். குழு கூடித் திறக்க வேண்டும். குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். சுற்றறிக்கை சொல்வது இவ்வளவுதான், அதில் எந்தப் பிழையும் இல்லை.

நடப்பது வேறு. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மேசை, கதிரை கொடுக்கிற கடைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இந்த முறை யார் செய்வது என்று அவர்களுக்குள் முன்பே பேச்சாகிவிடும். செய்யப் போகிறவர் தன் விலையைப் போடுவார். மற்ற இருவரும் கொஞ்சம் கூடுதலாக ஒரு விலை எழுதித் தருவார்கள். அதற்குப் பெயர் ‘கூட வைக்கும் கொட்டேஷன்’. அடுத்த முறை இவர் அவருக்கு வைப்பார். இதை யாரும் களவு என்று நினைத்ததில்லை. கல்யாண வீட்டுக்கு மொய் எழுதுவது மாதிரி ஒரு முறைவழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

காத்தான்குடி பிரதான வீதியில் தளபாடக் கடை வைத்திருந்த ஹாஜியாருக்கு முழங்கால் வருத்தம். மற்றவர்களுக்குக் கூட வைக்கும் ஒவ்வொரு கொட்டேஷனுக்காகவும் பஸ் ஏறி வந்து எங்கள் மாடிப்படி ஏறுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் தன் கடையின் தலைப்புக் கடதாசியில் ஏழெட்டை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, பொருள் வாங்கும் கோப்புகளைப் பார்க்கிற என்னிடம் தந்துவிட்டார். மேலே எல்லாம் வெறுமை. நான் அதை என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. ஆரையம்பதித் தமிழ்ப் பிள்ளையான என்னை ஒரு காத்தான்குடி முஸ்லிம் முதலாளி இவ்வளவு நம்புகிறார் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். வெட்கம் கெட்ட பெருமை.

விலைவாசி தலைகீழான வருடம் அது. டிசம்பர் மாதம். கரடியனாற்றுக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சோடி மேசை கதிரை வாங்க நிதி வந்திருந்தது. வருடம் முடிவதற்குள் வாங்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். எங்கள் ஊர் மரப்பட்டறைக்காரர் ஒருவர்தான் செய்வதாகப் பேச்சு. வழக்கமாக அவர் என்னைப் போனில் அழைத்துத் தன் விலையைச் சொல்வார். நான் அதைவிடக் கொஞ்சம் கூட்டி ஹாஜியாரின் கடதாசியையும், அவரைப் போலவே வெறும் கடதாசி தந்திருந்த ஏறாவூர்க் கடை ஒன்றின் கடதாசியையும் நிரப்புவேன். அந்த முறை அவர் அழைக்கவில்லை. தன் உறையைத் தானே கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்குத் தெரிந்தபோது பெட்டி மூட ஒரு மணித்தியாலம்தான் இருந்தது, அவருடைய போனும் கிடைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், பழைய கோப்பு ஒன்றை இழுத்து எடுத்தேன். அதே மாதிரி மேசை, அதே மாதிரிக் கதிரை. அதிலிருந்த விலையோடு கொஞ்சம் கூட்டி அந்த ஏறாவூர்க் கடையின் கடதாசியில் ஒன்று எழுதினேன். அதைவிடக் கொஞ்சம் குறைத்து ஹாஜியாரின் கடதாசியில் மற்றதை எழுதினேன். உறையில் இட்டு, ஒட்டி, பெட்டிக்குள் போட்டேன். அந்தக் கோப்பு வந்து எட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எரிவாயு வரிசையில் நின்று அரிசி விலையையும் பால்மா விலையையும் திட்டித் தீர்த்தவள் நான். பலகையும் ஆணியும் விலை ஏறியிருக்கும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த நாள் குழு கூடியது. பிரதிக் கல்விப் பணிப்பாளர் தலைவர், கணக்காளர் ஒருவர், பக்கத்துத் திணைக்களத்திலிருந்து ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். குறிப்பு எழுதுவது நான். முதலில் பட்டறைக்காரரின் உறையைத் திறந்து விலையை வாசித்தார்கள். நான் எழுதியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. பிறகு மற்ற இரண்டையும் திறந்தார்கள்.

“ஹாஜியார் நல்ல விலை போட்டிருக்காரே,” என்றார் கணக்காளர்.

“பழைய பலகை ஸ்டொக்ல கிடக்கும் போல,” என்றார் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

“அப்ப அவருக்கே குடுப்பம். எழுதுங்க பிள்ள,” என்றார் தலைவர்.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். சேர், அது அவர் போட்ட விலை இல்லை, நான் எழுதியது என்று ஒரு வசனம். என் வாய்க்குள் கொழுக்கட்டையா இருந்தது? எழுதச் சொன்னார்கள், நான் எழுதினேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விநியோகக் கட்டளைக் கடிதத்தைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். வீதி நடுவில் நிற்கும் பேரீச்சை மரங்களுக்கு எதிர்ப்புறம் கடை. ஹாஜியார் கடிதத்தை வாசித்ததும் முதலில் சிரித்தார், வேறு யாருக்கோ வந்தது தவறி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். பிறகு மறுபடி வாசித்தார். நான் நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவரிடம் மட்டும்தான் ஒளிக்கவில்லை.

“இந்தச் சல்லிக்குப் பலகையும் வாங்கேலா மகள்,” என்றார். “கடையும் முந்தி மாதிரி இல்ல. இதச் செஞ்சா நான் விழுந்துருவன்.”

“செய்யாட்டி உங்கட பேரக் கறுப்புப் பட்டியல்ல போட்டுருவாங்க ஹாஜியார். மாவட்டத்தில ஒரு பள்ளிக்கூடமும் உங்களிட்ட வாங்கேலாது.”

“அப்ப உள்ளத உள்ளபடி சொல்லுவம். வெறும் கடதாசி தந்தது என்ட பிழ. நிரப்பினது உங்கட பிழ. ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னா ஏசுவாங்க. கழுத்தையா வெட்டப் போறாங்க?”

“ஓம் ஹாஜியார். நாளைக்கு சேரோட கதைச்சுப்போட்டு உங்களுக்குக் கோல் எடுக்கிறன்.”

“சரி மகள். நீங்க சொன்ன உடன நான் வாறன்.” இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒன்று வரவழைத்துத் தந்தார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

நான் கதைக்கவில்லை. அடுத்த நாள் சேர் கூட்டத்துக்குப் போயிருந்தார், அது ஒரு சாட்டு. அதற்கடுத்த நாள் இருந்தார், எனக்குக் கால் எழவில்லை. என் மனதில் ஓடியதெல்லாம் ஒழுக்காற்று விசாரணை, பணி இடைநிறுத்தம், ஓய்வூதியம் என்ற சொற்கள்தான். கணவரின் வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். ஹாஜியார் இரண்டு முறை அழைத்தார். திரையில் அவர் பெயரைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் முறை அவர் அழைக்கவில்லை.

தவணை நாள் வந்தது, போனது. மேசையும் வரவில்லை, கதிரையும் வரவில்லை. பணம் திரும்பிப் போனது. ஹாஜியாரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. என் பெயர் அவருடைய பதிலில் இருக்கும் என்று இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் கிடந்தேன். பதில் வந்தது. குறித்த விலைக்கு வழங்க முடியவில்லை, வருந்துகிறேன் என்று இரண்டே வரி. நான் அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன். என் வாழ்க்கையில் நான் விட்ட கேவலமான மூச்சு அதுதான்.

அவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் கடிதத்தைக் கணினியில் அடித்ததும் நான்தான். எல்லா வலயங்களுக்கும் பிரதி அனுப்பினேன். அன்று பக்கத்து மேசைக்காரி தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “அவங்கட ஆக்கள் இப்பிடித்தான், விலையக் குறைச்சுப் போட்டுப்போட்டுக் கையை விரிப்பாங்க,” என்றாள். எனக்குக் காது கொதித்தது. அந்த மனுசன் தமிழ்-முஸ்லிம் கலவர காலத்திலும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குச் சொன்ன நாளில் சாமான் இறக்கியவர். அதையாவது சொல்லியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை.

லாச்சியில் மிச்சமிருந்த வெறும் கடதாசிகளைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு யாராவது ஒருவரே மூன்று உறை கொண்டுவந்தால் திருப்பி அனுப்பத் தொடங்கினேன். இப்போது எனக்குக் கந்தோரில் கண்டிப்பானவள் என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்குப் பெறுகை விதிகளைச் சொல்லிக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவளுக்கு இப்படி ஒரு மரியாதை. ஹாஜியாரின் கடையில் பாதி போன் கடையாகிவிட்டது என்று பஸ்ஸில் போகும்போது கண்டேன். அவருடைய வியாபாரமே பள்ளிக்கூடங்கள்தான். வேலையாட்கள் இருவரையும் நிறுத்திவிட்டார் என்று பட்டறைக்காரர் சொன்னார். கரடியனாற்றுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேசை போய்ச் சேர இன்னொரு வருடம் எடுத்தது.

தடைக்காலம் முடிந்து, இந்த ஜனவரியில் விநியோகஸ்தர் பதிவு நடந்தபோது ஹாஜியார் வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கும்வரை என் மேசைக்கு முன் நின்றார். கதிரையை இழுத்துப் போட்டேன். சுகம் கேட்டார், கணவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை, பழைய கதை எதையும் எடுக்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். வட்ட வட்டமான எழுத்தில் எல்லாம் சுத்தமாக நிரப்பியிருந்தார். கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, காரணம் என்ற கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“இது விடுபட்டிருக்கு ஹாஜியார்.”

“விடுபடல்ல மகள். என்ன காரணம் எண்டு எனக்கு விளங்கல்ல. உங்களுக்குத்தானே தெரியும், நீங்க எழுதுங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. குத்திக் காட்டினாரா, உண்மையாகத்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் வரிசையில் நாலைந்து கடைக்காரர்கள் நின்றார்கள். கணக்காளரின் அறைக் கதவு திறந்திருந்தது. பேனையைக் கையில் எடுத்தேன். சொல்ல வேண்டியது ஒரு வரிதான், அதற்கு இடமும் இருந்தது. இந்த முறை எழுதிவிடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

உரிய காலத்தில் பொருட்களை வழங்கத் தவறியமை என்று எழுதினேன்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு அதை வாசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். என் பேனையையே வாங்கி, அந்தப் பொய்க்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “அப்ப வாறன் மகள்,” என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.